கனெக்ட், ஜாயின், லிங்க், மெர்ஜ்: எதை எங்கே எழுதுவது?

மார்த்தாண்டத்தில் போட்டித் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருக்கும் ஒருவரின் கேள்வி இது: “‘கனெக்ட்’ என்ற ஆங்கிலச் சொல்லுக்கு ஜாயின், லிங்க், அட்டாச், யுனைட், மெர்ஜ், கப்பிள் என்று பல சொற்களை அகராதி தருகிறது. தமிழில் பார்த்தால் எல்லாவற்றுக்கும் ‘இணை’, ‘சேர்’ என்றே பொருள் போட்டிருக்கிறார்கள். எல்லாம் ஒன்றுதானா? ஒன்றின் இடத்தில் இன்னொன்றை எழுதினால் தவறா?”

ஒன்றல்ல. மாற்றி எழுதினால் சில இடங்களில் வாக்கியம் எப்படியோ தப்பித்துவிடும். சில இடங்களில் பொருள் மாறிவிடும். ஓரிடத்தில் உங்கள் வீடே ஜப்திக்குப் போய்விடும். அந்த ஜப்திக் கதைக்குப் பிறகு வருகிறேன்.

இந்தச் சொற்களைப் பட்டியலாக மனப்பாடம் செய்வதில் பயனில்லை என்பது என் உறுதியான கருத்து. பட்டியல் எவையெல்லாம் உறவுக்காரச் சொற்கள் என்பதைக் காட்டும். அவற்றுக்குள் இருக்கும் பங்காளிச் சண்டையைக் காட்டாது. அதற்குப் பதிலாக ஒவ்வொரு முறையும் ஒரு கேள்வியைக் கேட்டுப் பாருங்கள்: இணைத்த பிறகு அந்த இரண்டும் என்ன ஆகின்றன? இரண்டும் இரண்டாகவே நிற்கின்றனவா, ஒன்று மற்றதைச் சார்ந்து தொங்குகிறதா, இரண்டும் கலந்து ஒன்றாகிவிடுகின்றனவா, அல்லது ஒன்று மற்றதற்குள் காணாமல் போகிறதா? பாதிக் குழப்பம் இதிலேயே தீர்ந்துவிடும்.

கன்னியாகுமரியில் விவேகானந்தர் பாறைக்கும் திருவள்ளுவர் சிலைக்கும் நடுவே 2024 டிசம்பர் 30 அன்று திறக்கப்பட்ட கண்ணாடிப் பாலத்தை எடுத்துக்கொள்ளுங்கள். நீளம் 77 மீட்டர், அகலம் 10 மீட்டர். பாலம் வந்த பிறகும் பாறை பாறைதான், சிலை சிலைதான். இரண்டுக்கும் நடுவே போக்குவரத்துக்கு ஒரு வழி கிடைத்திருக்கிறது, அவ்வளவுதான். இது ‘கனெக்ட்’. லத்தீன் மூலத்தில் இச்சொல்லுக்குச் சேர்த்துக் கட்டுதல் என்று பொருள். இன்றைய ஆங்கிலத்தில், நடுவே ஏதோ ஒன்று ஓட வழி செய்வது என்ற நிழல் அதன்மேல் விழுந்திருக்கிறது: மின்சாரம், தண்ணீர், ஆள், பேச்சு, தகவல். மின் இணைப்பையும் எரிவாயு இணைப்பையும் நாம் ‘கனெக்ஷன்’ என்று சொல்வது அதனால்தான். கட்டணம் கட்டாவிட்டால் கம்பி அங்கேயே இருக்கும். ஓட்டம் மட்டும் நிற்கும். அது ‘டிஸ்கனெக்ட்’.

எதிர்ச்சொல்லைக் கேட்டுப் பார்ப்பது நல்ல சோதனை. கனெக்ட்டுக்கு டிஸ்கனெக்ட், அட்டாச்சுக்கு டிட்டாச், கப்பிளுக்கு அன்கப்பிள், டை என்பதற்கு அன்டை. மெர்ஜுக்கு மட்டும் அப்படிக் கைக்கடக்கமான எதிர்ச்சொல் வழக்கில் இல்லை. ‘டிமெர்ஜ்’ என்று நிறுவனச் சட்டக்காரர்கள் ஒன்றை வைத்திருக்கிறார்கள். அலுவலகத் தாள்களுக்கு வெளியே அது நடமாடுவதில்லை. கரைந்துபோன ஒன்றைத் திரும்பப் பிரித்தெடுப்பது எளிதல்ல என்பதை மொழியே ஒப்புக்கொள்வதுபோல இருக்கிறது.

இந்த மெர்ஜைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். நம் கன்னியாகுமரி மாவட்டத்துக்காரர்களுக்கு இது வெறும் சொல் ஆராய்ச்சி அல்ல, சொந்த வரலாறு.

1947-இல், நம் பகுதி அடங்கியிருந்த திருவிதாங்கூர் சமஸ்தானம் இந்தியாவோடு சேர்ந்தது. அப்போது கையெழுத்தான ஆவணத்தில் இருந்த சொல் ‘அக்சஷன்’. அதன் வினை ‘அக்சீட்’. தனியாக இருக்கும் ஓர் ஆட்சி, ஏற்கெனவே இருக்கும் ஓர் அமைப்புக்குள் சம்மதம் தெரிவித்து வருவது என்று அதற்குப் பொருள். 1949 ஜூலை 1 அன்று திருவிதாங்கூரும் கொச்சியும் ஒரே மாநிலமாயின. அப்போது புதிய மாநிலத்தின் பெயரிலேயே ‘யுனைட்டெட்’ என்ற சொல் இருந்தது. யுனைட் என்பது லத்தீனில் ‘ஒன்று’ என்ற எண்ணிலிருந்து வருவது. இரண்டு தரப்பும் தம் பெயரோடு வந்து ஒரே முழுமையாக நிற்பதற்கு அது பொருந்தும். அடுத்தது 1956 நவம்பர் 1. அகஸ்தீஸ்வரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு தாலுகாக்களும் அன்றைய சென்னை மாநிலத்தோடு வந்து சேர்ந்தன. இதைப் பேச்சிலும் பத்திரிகையிலும் ‘மெர்ஜர்’ என்கிறோம். இந்தச் சேர்க்கைக்காகப் போராடிய மார்ஷல் நேசமணியை நினைவுகூரும் ஒவ்வொரு நவம்பர் முதல் தேதியிலும் ஆங்கிலச் செய்திகளில் இந்தச் சொல் வந்துவிடும். ஆனால் மாநில மறுசீரமைப்புச் சட்டத்தின் நான்காம் பிரிவைப் புரட்டினால் அங்கே மெர்ஜ் இல்லை. தலைப்பில் ‘டிரான்ஸ்ஃபர்’ என்றிருக்கும். உள்ளே அந்தப் பகுதிகள் சென்னை மாநிலத்தோடு ‘ஆடட்’, அதாவது கூட்டப்படுகின்றன என்றிருக்கும்.

சட்டம் எழுதியவர்கள் சொல்லை எடைபோட்டுத்தான் வைத்திருக்கிறார்கள் என்று நினைக்கிறேன். மெர்ஜ் என்பதன் லத்தீன் மூலத்துக்கு முக்குதல், மூழ்கடித்தல் என்று பொருள். ஆங்கிலச் சட்ட வழக்கிலும் சிறிய உரிமை பெரிய உரிமைக்குள் மூழ்கி மறைவதையே முதலில் அது குறித்தது. நான்கு தாலுகாக்கள் அப்படி மூழ்கவில்லை. அதே பிரிவின்படி அவை கன்னியாகுமரி என்ற பெயரில் தனி மாவட்டமாயின. அதே நாளில் வந்த செங்கோட்டைப் பகுதி வேறு கதை: அது திருநெல்வேலி மாவட்டத்துக்குள் சேர்க்கப்பட்டது. பேச்சுவழக்கில் மெர்ஜர் நிலைத்துவிட்டது, அதைத் தவறென்று யாரும் சொல்ல முடியாது. ஆனால் தேர்வுக் கட்டுரையில் நுட்பமாக எழுத விரும்பினால் 1956-க்கு ஆட் அல்லது டிரான்ஸ்ஃபர் என்று எழுதலாம்.

உண்மையான மெர்ஜர் வேண்டுமா? 2017 ஏப்ரல் 1. ஸ்டேட் பாங்க் ஆஃப் திருவாங்கூர், பாரத ஸ்டேட் வங்கிக்குள் போனது. நாகர்கோவிலிலும் தக்கலையிலும் பல வீடுகளின் சேமிப்புக் கணக்கு அந்த வங்கியில்தான் இருந்தது. பலகை மாறியது, பாஸ்புக் மாறியது, பெயர் இல்லாமலே போயிற்று. மெர்ஜ் என்ற சொல் இங்கே கச்சிதமாக உட்காரும்.

அரசியல் இணைப்புக்கு இன்னொரு சொல்லும் உண்டு, ‘அனெக்ஸ்’. பத்மநாபபுரத்தைத் தலைநகராகக் கொண்டிருந்த மார்த்தாண்ட வர்மா, படை நடத்திக் காயங்குளத்தைத் தன் நாட்டோடு சேர்த்துக்கொண்டாரே, அது அனெக்ஸ். இதில் சேர்க்கப்படுபவரின் சம்மதத்தை யாரும் கேட்பதில்லை. அதே சொல்தான் மருத்துவமனையின் துணைக் கட்டடத்துக்கும் அரசு உத்தரவின் பின்னிணைப்புக்கும் சாதுவான பெயராக இருக்கிறது. ஆகவே நாடுகளைப் பற்றி எழுதும்போது இணைப்பு என்ற தமிழ்ச் சொல்லை அப்படியே அனெக்ஸ் என்று பெயர்த்துவிடாதீர்கள். படையெடுப்பு என்று படிப்பவர் எடுத்துக்கொள்வார்.

இப்போது ஜப்தி. ‘அட்டாச்’ என்றால் ஒரு சிறியதை ஒரு பெரியதோடு பொருத்துவது. கடிதத்தோடு சான்றிதழ், அறையோடு குளியலறை, பள்ளியோடு விடுதி. பெரியது இல்லாமல் சிறியதற்கு அந்த இடத்தில் வேலையில்லை. பாலத்தைப் பற்றி எழுதும்போது ‘இரண்டு பாறைகளும் அட்டாச் செய்யப்பட்டன’ என்றால் வேடிக்கையாகிவிடும். எது எதற்கு வால் என்ற கேள்வி வரும். நீதிமன்ற ஆங்கிலத்தில் இச்சொல்லுக்கு வேறு முகம். ‘பிராப்பர்ட்டி அட்டாச்டு’ என்றால் சொத்து ஜப்தி செய்யப்பட்டது என்று பொருள். இதுதான் இச்சொல்லின் மூத்த முகமும்கூட: ஆங்கிலத்துக்குள் அது முதலில் நுழைந்ததே ஆளையோ பொருளையோ சட்டப்படி பிடித்துவைப்பது என்ற பொருளில்தான். தாக்குதலைக் குறிக்கும் ‘அட்டாக்’ இதற்கு உடன்பிறப்பு. எனவே வங்கிக்குக் கடிதம் எழுதும்போது ‘என் வீட்டுப் பத்திரத்தை அட்டாச் செய்திருக்கிறேன்’ என்பது சரி. ‘என் வீட்டை அட்டாச் செய்திருக்கிறேன்’ என்று எழுதினால் மேலாளருக்கு மூச்சு நின்றுவிடும்.

கல்லூரி விஷயத்தில் ‘அஃபிலியேட்’ வரும். நம் மாவட்டத்துக் கலை அறிவியல் கல்லூரிகள் மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்தோடு இணைக்கப்பட்டவை என்பதற்கு அதுதான் சொல். மகனாகத் தத்தெடுத்தல் என்பது அதன் வேர்ப்பொருள். கல்லூரி தனியே குடித்தனம் நடத்தும், குடும்பப் பெயர் மட்டும் பல்கலைக்கழகத்தினுடையது.

கையால் செய்யும் இணைப்புகளுக்குப் போகலாம். ஆங்கிலம் இங்கே மிகவும் கறாரானது. தோவாளைச் சந்தையில் மல்லிகையைச் சரமாகக் கட்டுவது ‘ஸ்டிரிங்’. இறந்தகாலம் ‘ஸ்டிரங்’. ‘ஸ்டிரிங்டு’ என்ற வடிவத்தை வீணை, வயலின் போன்ற நரம்புக் கருவிகளைச் சொல்லும்போது மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். ஊசியில் நூல் கோப்பதும் நூலில் மணி கோப்பதும் ‘திரெட்’. புவிசார் குறியீடு பெற்ற தோவாளை மாணிக்கமாலைக்கு ஸ்டிரிங் போதாது. பூக்களை மடித்து வரிசை வரிசையாக, கல் பதித்த நகைபோலத் தட்டையாகக் கொண்டுவரும் வேலை அது. ‘வீவ்’ என்றால்தான் பக்கத்தில் வரும். நாம் பூவைத் தொடுப்போம், கட்டுவோம், மணியைக் கோப்போம், கூந்தலைப் பின்னுவோம். இவ்வளவு நுட்பம் கையில் இருக்க, ஆங்கிலம் எழுத உட்கார்ந்ததும் எல்லாவற்றையும் ஜாயின் ஆக்கிவிடுவதுதான் நம் கோளாறு.

கடற்கரைப் பக்கம் வந்தால் ‘லாஷ்’. மரங்களைக் கயிற்றால் இறுகச் சுற்றிப் பிணைப்பது. கட்டுமரம் செய்யும் முறை அதுதான். ‘கட்டமரன்’ என்று ஆங்கிலத்துக்குப் போனது நம் கட்டுமரமே. 17-ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே ஆங்கிலப் பயண எழுத்தில் ஏறிவிட்டது. இப்போது அங்கே அது இரண்டு உடல்கள் கொண்ட படகைக் குறிக்கிறது. ‘காயர்’ என்ற தென்னைநார்ச் சொல்லும் மலையாளக் ‘கயர்’ வழியே போனது, நம் கயிற்றுக்கு நெருங்கிய உறவு. கட்டுவதற்கும் பிணைப்பதற்கும் ஆங்கிலத்துக்கு இரண்டு சொற்களைக் கொடுத்த கரை இது. அதன் பிள்ளைகள் எல்லாவற்றுக்கும் ஜாயின் எழுதினால் எனக்குக் கொஞ்சம் கோபம் வரத்தான் செய்கிறது.

இரண்டு கயிற்று நுனிகளை முடிச்சே போடாமல், புரிகளைப் பிரித்து ஒன்றுக்குள் ஒன்று பின்னி ஒரே கயிறாக்குவது ‘ஸ்பிளைஸ்’. கடல் தொழிலில் பிறந்த இச்சொல் இப்போது இணைய வேலைக்கும் வந்துவிட்டது. அறுந்த கண்ணாடி இழைக் கேபிளை உருக்கி ஒட்டவைக்கும் தொழிலாளியும் ஸ்பிளைசிங் செய்வதாகத்தான் சொல்கிறார்.

‘கப்பிள்’ என்பது இரண்டை ஜோடியாகப் பூட்டுவது. ரயில் பெட்டிகளைக் கோக்கும் கொக்கி ‘கப்ளர்’. ‘கப்பிள்டு வித்’ என்றால் ‘அதோடு சேர்ந்து இதுவும்’ என்று பொருள். மழையோடு காற்றும் சேர்ந்து வாழைகளைச் சாய்த்தது என்பதற்கு அழகாகப் பொருந்தும். ‘கம்பைன்’, ‘பைண்ட்’, ‘ஃபாஸன்’ ஆகியவற்றில் பெரிய ஆபத்தில்லை: முதலாவது கலப்பதற்கு, இரண்டாவது புத்தகத்தையோ கதிர்க்கட்டையோ வாக்குறுதி கொடுத்தவரையோ கட்டுவதற்கு, மூன்றாவது பொத்தான், இருக்கைப் பட்டை வகைக்கு.

ஆறுகளுக்கு ‘ஜாயின்’ நன்றாகப் பொருந்தும். திருவட்டாறு பக்கம் மூவாற்றுமுகத்தில் பறளியாறு கோதையாற்றோடு சேர்கிறது. அதன்பின் ஒரே ஆறாகத்தான் குழித்துறை வழியே தேங்காப்பட்டணம் போகிறது. ஆனால் குமரி முனையில் மூன்று கடல்களைச் சொல்லும்போது ஜாயின் வேண்டாம், ‘மீட்’ போதும். ஏற்கெனவே ஒரே நீராக இருப்பதை யார் எங்கே ஜாயின் செய்வது?

‘லிங்க்’ சங்கிலியின் ஒரு வளையம். வடக்கு ஐரோப்பிய மொழிக் குடும்பத்திலிருந்து வந்த சொல். பழைய நில அளவையில் இது அளவாகவே இருந்தது: 66 அடி அளவுச் சங்கிலியில் 100 லிங்க். நாம் சென்ட் கணக்கில் நிலம் பேசுகிறோமே, ஒரு சென்ட் என்பது 1,000 சதுர லிங்க். நில அளவையில் அது தேய்ந்து, இன்று இணையப் பக்கங்களின் சுட்டியாகத் தழைத்திருக்கிறது. வளையம் வளையத்தைத் தொட்டுக்கொண்டு போவதால், நேரடியாக ஒட்டாத தூரத்துத் தொடர்புகளுக்கும் இதுவே சொல். மருத்துவச் செய்திகளில் ஒரு பழக்கத்துக்கும் ஒரு நோய்க்கும் லிங்க் இருக்கிறது என்று எழுதுவார்கள். காரணம் அதுதான் என்று அடித்துச் சொல்லாமல், தொடர்பு தெரிகிறது என்று சொல்லும் எச்சரிக்கை அது. மொழிபெயர்க்கும்போது ‘இதனால் அது வருகிறது’ என்று எழுதிவிடாதீர்கள்.

மனிதர்களைப் பற்றிப் பேசும்போது இந்தச் சொற்களின் குணம் நன்றாகத் தெரியும். ஒருவருக்கு ‘கனெக்ஷன்ஸ்’ இருக்கிறது என்றால் செல்வாக்கு, மேலிடத்துப் பழக்கம். ‘டைஸ்’ இருக்கிறது என்றால் குடும்பம், ஊர், பாசம். யாரோடோ ‘லிங்க்ஸ்’ இருக்கிறது என்று பத்திரிகையில் வந்தால் பெரும்பாலும் காவல்துறை தேடிக்கொண்டிருக்கிறது. வழக்கு ‘தொடர்பாக’ கைது என்பதற்கு மட்டும் ‘இன் கனெக்ஷன் வித்’ என்ற தொடர் நிலைபெற்றுவிட்டது. அங்கே லிங்க்கை நுழைக்க முடியாது.

நம்மவர்கள் அதிகம் சறுக்குவது சொல்லில் அல்ல, அதன் பின்னால் வரும் ‘டு’, ‘வித்’, ‘இன்’ ஆகியவற்றில். காரணம் நம் வேற்றுமை உருபுகள். ‘கல்லூரியில் சேர்ந்தான்’ என்பதில் ஏழாம் வேற்றுமை ‘இல்’ இருக்கிறது. அதை அப்படியே தூக்கிக்கொண்டு போய் ‘ஜாயிண்ட் இன் தி காலேஜ்’ என்கிறோம். ‘ஜாயின் இன்’ என்றால் விளையாட்டிலோ பாட்டிலோ தானும் கலந்துகொள்வது. கல்லூரி, படை, கட்சி, வேலை எதில் சேர்ந்தாலும் ஜாயினுக்குப் பின் நேராகப் பெயர்தான் வர வேண்டும். ‘எங்களோடு சேர்ந்துகொள்ளுங்கள்’ என்பதன் ‘ஓடு’ தான் ‘ஜாயின் வித் அஸ்’ ஆகிறது. ‘ஜாயின் அஸ்’ போதும். நாகர்கோவில் ஜங்ஷன் என்கிறோமே, அந்த ஜங்ஷனும் ஜாயினும் ஒரே வேர். கன்னியாகுமரி, திருவனந்தபுரம், திருநெல்வேலி ஆகிய மூன்று பக்கப் பாதைகள் அங்கே கூடுகின்றன.

கனெக்ட்டுக்கு இரண்டும் வரும், பொருள்தான் பிரியும். கம்பி, குழாய், சாலை, இணையம் ஆகியவற்றுக்கு ‘டு’. மனிதரோடு மனம் ஒட்டுவதற்கு ‘வித்’. ஒரு ரயிலின் வருகை நேரம் இன்னொரு ரயிலின் புறப்பாட்டுக்குத் தோதாக இருப்பதற்கும் ‘வித்’. ‘கனெக்ட் மீ’ என்று மட்டும் எழுதி நிறுத்தாதீர்கள். நீங்கள் ஒரு மின்விசிறி அல்ல. அட்டாச்சுக்கு எப்போதும் ‘டு’. மெர்ஜுக்குச் சம அளவில் கலந்தால் ‘வித்’, மறைந்துபோனால் ‘இன்ட்டு’. லிங்க்குக்கு ‘டு’, ‘வித்’ இரண்டும் நடக்கும். இரண்டு பொருள்களையும் சேர்த்துச் சொன்னால் ‘பிட்வீன்’.

இலக்கண ஆசிரியர்கள் இன்னொன்றைத் துரத்தித் துரத்தி அடிப்பார்கள்: ‘ஜாயின் டுகெதர்’, ‘கனெக்ட் டுகெதர்’. இணைத்தலிலேயே ‘ஒன்றாக’ அடங்கியிருப்பதால் டுகெதர் மிகை என்பது அவர்கள் வாதம். தேர்வில் பிழை காணச் சொன்னால் அந்த வாதத்தின்படியே விடையளியுங்கள். ஆனால் எல்லா இடத்திலும் அது செல்லாது. நம் ஊர்த் தேவாலயத் திருமணங்களில் ‘தேவன் இணைத்ததை மனுஷன் பிரிக்காதிருக்கக்கடவன்’ என்று வாசிப்பார்கள். பழைய ஆங்கில வேதாகமத்தில் அந்த இணைத்தலுக்கு இருப்பது ‘ஜாயின்டு டுகெதர்’. கிரேக்க மூலத்தில் அந்த வினைக்கு ஒரே நுகத்தில் பூட்டுதல் என்று பொருள். அந்த டுகெதரை மிகை என்று எந்த ஆசிரியரும் வெட்டப்போவதில்லை.

ஒருபொருள் வினாக்களில் கனெக்ட்டுக்கு நேராக லிங்க், ஜாயின் இரண்டும் விடைகளில் இருந்தால் வாக்கியத்தைப் படித்துவிட்டுக் குறியிடுங்கள்: நடுவே இடைவெளி இருந்தால் லிங்க், இரண்டும் தொட்டுக்கொண்டிருந்தால் ஜாயின். எதிர்ச்சொல் கேட்டால் வழக்கமாக வருவது ‘சீவர்’, அதாவது துண்டித்தல். இதை ‘கடுமையான’ என்று பொருள்படும் ‘சிவியர்’ என்று அவசரத்தில் படித்துவிட்டு மதிப்பெண் இழப்பவர்கள் அதிகம். எழுத்தில் கடைசி ‘இ’ ஒன்றுதான் வித்தியாசம்.